சில்லறையின் கூலி

கடையநல்லூரிலிருந்து செங்கோட்டை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஆனாலும் 1940-களின் இறுதி வரை இரண்டு ஊர்க் கடைத்தெருவிலும் வேறு வேறு காசுதான் புழங்கியது. கடையநல்லூர் பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தாலுகா. அங்கே ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாயை அங்கே மாற்றினால் 28½ சக்கரம் கிடைக்க வேண்டும். கணக்குத் தெரியாமல் 28 சக்கரத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டவர், எட்டுக் காசைக் காசுக்கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். நூற்றுக்கு ஒன்றேமுக்கால் நஷ்டம்.

அதே திருவிதாங்கூரில் இன்னொரு பொருளும் இருந்தது. பழைய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம் எடைகூட இல்லாத பொடிக்காசு. விரலால் ஒவ்வொன்றாக எண்ணுவது நடக்காத காரியம். அதற்காகவே வரிசை வரிசையாகச் சிறு குழிகள் வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். ஒரு கை காசை அள்ளிப் பலகைமேல் கொட்டி, லேசாக ஆட்டினால் குழிக்கு ஒரு சக்கரம் உட்கார்ந்துவிடும். மிச்சம் உருண்டு விழும். பலகை நிறைந்தால் கணக்கு முடிந்தது. எண்ணும் வேலைக்கும் ஒரு விலை உண்டு, அதைக் குறைக்க ஒரு கருவி வேண்டும் என்பதைக் கருவூலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

சில்லறையை மாற்றும்போது பணம் எந்த வழியில் போகிறது என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. மாற்று விகிதம் தெரியாமல் போவது ஒரு வழி. எண்ணிப் பிரிக்கும் வேலையை அடுத்தவர் தலையில் ஏற்றுவதால் போவது இன்னொரு வழி. நாடு முழுவதும் ஒரே நாணயம் வந்த பிறகு முதல் வழி அநேகமாக அடைபட்டது. இரண்டாவது வழி இன்றும் திறந்தே கிடக்கிறது. உண்டியலை உடைத்துக் கொட்டிய காசுக்கு முழு மதிப்பும் கிடைக்க வேண்டுமென்றால், எண்ணும் கூலி யார் கையிலிருந்து போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கூலியை வெளிப்படையாகவே வசூலிக்கிறார்கள். பேரங்காடி வாசல்களில் நிற்கும் காயின்ஸ்டார் எந்திரத்தில் காசைக் கொட்டினால் எண்ணி, பிரித்து, ரசீது தரும். ரொக்கமாகக் கேட்டால் நூறு டாலருக்கு 12 டாலர் அளவில் பிடித்துக்கொள்ளும். பரிசு அட்டையாக வாங்கினால் கட்டணம் இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு எந்திரம் கிடையாது. கூலி இருக்கிறது, பெயர்தான் இல்லை.

அணா போய் பைசா வந்தபோது

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிந்தது. பழைய அணாக்களும் சில ஆண்டுகள் கூடவே செல்லுபடியாயின. 16 அணாவை 100 பைசாவாக்கினால் ஓர் அணாவுக்கு 6¼ பைசா வரும். கால் பைசா என்று ஒரு காசு இல்லாததால் அரசு ஒரு மாற்று அட்டவணை போட்டது: 1 அணாவுக்கு 6 பைசா, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25.

இதை ஒரு கடைக்காரர் கண்ணால் பார்க்கலாம். நாலணாவை ஒரே தடவையில் மாற்றினால் 25 பைசா. ஒவ்வோர் அணாவாக நாலு தடவை மாற்றினால் 24 தான். மூன்றணாவாகக் கொடுத்தால் உள்ளதைவிடக் கால் பைசா கூடுதலாகவே வரும். பதினாறு தனி அணாவைப் பதினாறு இடத்தில் கொடுத்தவருக்கு ரூபாய்க்கு 96 பைசாதான் தேறியது. அட்டவணையில் ஏமாற்று எதுவும் இல்லை. உதிரியாகக் கொடுத்தவர் இழந்தார், சேர்த்துக் கொடுத்தவர் தப்பித்தார்.

இந்தப் பாடம் அப்படியே இன்றைக்கும் பொருந்துகிறது. கடையில் 48 ரூபாய் பில்லுக்கு 50 ரூபாய் நீட்டினால், மிச்சத்துக்குச் சாக்லேட் வருகிறது. பேருந்தில் கண்டக்டர் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருகிறார். இறங்கும் அவசரத்தில் அந்தச் சீட்டை மறந்துவிடுகிறோம். நாளுக்கு 2 ரூபாய் இப்படிப் போனால் வருடத்துக்கு 730 ரூபாய். அதே நேரத்தில் வீட்டில் டப்பா நிறையச் சில்லறை சும்மா கிடக்கிறது. சில்லறையால் நடுத்தரக் குடும்பம் இழக்கும் பணத்தில் பெரும்பங்கு மாற்றப் போகிற இடத்தில் போவதில்லை. மாற்றாமல் வைத்திருப்பதால் போகிறது.

பஞ்சமும் வெள்ளமும்

காசு கிடைக்காத காலத்தில் சில்லறை வைத்திருப்பவருக்குக் கமிஷன் கிடைக்கும். காசு பெருகிய காலத்தில் அவரே கமிஷன் கொடுக்க வேண்டும். இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். 1940-இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை மறுபடி வெளியிட்டது. தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதையே குற்றமாக்கியது. 1943-இல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா வந்தது.

2007 வாக்கில் வேறு விதப் பஞ்சம். நாணயத்தின் முகமதிப்பைவிட அதிலிருந்த உலோகத்தின் விலை ஏறியது. இந்தியக் காசுகள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு, உருக்கி, சவர பிளேடாக மாறுகின்றன என்ற செய்தி கொல்கத்தாவிலிருந்து வந்தது. கடைக்காரர்கள் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து அதைவிடக் குறைந்த சில்லறையை வாங்கிய காலம் அது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்து, ஏழு ஆண்டு வரை சிறை என்று வைத்தது. அதே ஆண்டில் வந்த புதிய வரிசையின் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் முன்னவற்றைவிட எடை குறைந்திருந்தன. அப்படியும் அச்சிடும் செலவு முழுதாக அடங்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2018-இல் வெளியான கணக்குப்படி, ஒரு ரூபாய்க் காசைச் செய்ய அரசுக்கு ஆன செலவு 1.11 ரூபாய்.

இப்போது நடப்பது வெள்ளம். யுபிஐ வந்த பிறகு டீக்கடையில்கூட 12 ரூபாயை 12 ரூபாயாகவே கட்டிவிட முடிகிறது. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய நன்மை. ஆனால் தினமும் காலையில் லட்சக்கணக்கான கைகளிலிருந்து கண்டக்டர் பைக்கும், அங்கிருந்து மறுபடி கடைக்கும் ஓடிய காசோட்டமும் அதனால் மெலிந்திருக்கத்தான் வேண்டும். கடையநல்லூர் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால் எப்போதும் உதிரியில்தான் முடியும். அதுவும் பல இடங்களில் வங்கிக் கணக்குக்கு மாறிவிட்டது. காசு வீட்டுக்குள் வரும் வழி சுருங்கினாலும் இன்னும் இருக்கிறது. வெளியேறும் வழிகள் குறைந்துவிட்டன.

கோயில்களில் இது இன்னும் கண்கூடு. ஷீரடி சாயிபாபா கோயிலின் உண்டியல் காசை வைக்க இடமில்லை என்று சில வங்கிகள் கைவிரித்ததாக 2023-இல் செய்தி வந்தது. அத்தனை பெரிய வாடிக்கையாளருக்கே அந்த நிலை.

சட்டம் சொல்வதும் கவுன்டர் சொல்வதும்

நாணயம் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகளில் பாதி தவறு. சட்டப்படி உள்ளது இவ்வளவுதான்.

25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் செல்லும். கடைகளில் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையை 50 பைசாக்களாகக் கொடுத்தால் 10 ரூபாய் வரை, ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான காசுகளாகக் கொடுத்தால் 1,000 ரூபாய் வரை அது சட்டப்படி செல்லும் பணம். அதற்கு மேல் வாங்குவதும் மறுப்பதும் பெறுபவர் விருப்பம். 2022-இல் சேலத்தில் ஒரு இளைஞர் ஒரு ரூபாய்க் காசுகளாகவே கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். சில மாதங்களில் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய்க் காசுகளாகக் கொடுத்துக் கார் வாங்கினார். கடைக்காரர்கள் சம்மதித்ததால் நடந்த காரியங்கள் இவை. மறுத்திருந்தாலும் சட்டம் அவர்கள் பக்கம்தான்.

வங்கி விஷயத்தில் இந்த 1,000 ரூபாய் வரம்பு கிடையாது. வாடிக்கையாளர் கணக்கில் கட்டும் நாணயத்துக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லாக் கிளைகளும் நாணயத்தைக் கணக்கில் வரவு வைக்கவோ மாற்றித் தரவோ வாங்க வேண்டும் என்பது அதன் நிலையான உத்தரவு. 2006-ஆம் ஆண்டின் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம், தக்க காரணமின்றி நாணயத்தை மறுப்பதையும் அதற்குக் கமிஷன் கேட்பதையும் பெயர் சொல்லியே புகார்க் காரணங்களில் சேர்த்திருந்தது. 2021 நவம்பரில் அதன் இடத்தில் ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. சேவைக் குறைபாடு எதுவானாலும் அதில் முறையிடலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ அடுத்த படி ஏறலாம்.

இவ்வளவு தெளிவாக உத்தரவு இருந்தும் கவுன்டரில் முகம் சுளிக்கிறார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. நோட்டுக் கட்டை எந்திரம் எண்ணிவிடும். பெரும்பாலான கிளைகளில் காசை மனிதர்தான் எண்ண வேண்டும். எண்ணியதில் குறைந்தால் காசாளர் தன் கைப்பணத்தைப் போட வேண்டி வரும். வாங்கிய மூட்டை பெட்டகத்தில் இடத்தை அடைக்கும். புதுக் காசை மக்களுக்கு விநியோகிக்க ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருகிறது. முன்பு 25 ரூபாயாக இருந்ததை 65 ஆக்கியது. மக்களிடமிருந்து திரும்பி வரும் காசை எண்ணி அடுக்குவதற்கு அப்படி ஒரு ஊக்கம் கண்ணில் படுவதில்லை. ஆக, காசாளரின் சலிப்பு அவருடைய சுபாவம் என்பதைவிட, கூலி இல்லாத வேலையின் விளைவு.

ஒரு கிலோவில் எத்தனை ரூபாய்?

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எடை போட்டே வாங்கலாம், நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டி வந்தால் இரு தரப்புக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. நல்ல யோசனை. எடை போடும் வழியில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது.

1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். 2011 வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம். 2019 வரிசையுடையது 3.09 கிராம். மூன்றும் இன்று ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒரு கிலோ எடைக்குப் பழைய காசு என்றால் சுமார் 206 ரூபாய். 2011 காசு என்றால் சுமார் 264. 2019 காசு என்றால் சுமார் 324. கலந்த மூட்டையைத் தராசில் வைத்துக் கடைக்காரரோ தரகரோ ஒரு கிலோ இருநூற்று ஆறு என்று கணக்குப் போட்டால், கொடுப்பவர் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேலும் இழக்கலாம்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 4.85 கிராம்தான், விட்டமும் பழைய ஒரு ரூபாயைப் போலவே 25 மில்லிமீட்டர், இரண்டுமே வெள்ளை நிற எஃகு. தேய்ந்த காசுகளில் அவசரமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டு ரூபாய் நூறு காசு, ஒரு ரூபாய் மூட்டைக்குள் போய்விட்டால் நூறு ரூபாய் அப்படியே மாயம். தராசு சரியாகத்தான் காட்டும், எண்ணுகிறவரும் ஏமாற்றவில்லை, பணம் மட்டும் இருக்காது.

அதனால் பிரிக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். முதலில் மதிப்புவாரியாகப் பிரிப்பது. ஒன்றையும் இரண்டையும் எண்ணைப் பார்த்தே பிரிப்பது, அளவை நம்பக்கூடாது. பத்துப் பத்தாக அடுக்கி, பத்து அடுக்கை ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, மேலே மதிப்பையும் மொத்தத்தையும் எழுதுவது. செல்லோடேப் சுற்றிய உருளைக் கட்டைவிட உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பைதான் காசாளருக்குப் பிடிக்கும், ஏனென்றால் வேண்டுமானால் பிரித்து மறுபடி எண்ணலாம். ஒரு ரூபாய்க் காசாக 1,000 ரூபாய் மூன்று முதல் ஐந்து கிலோ வரை கனக்கும். பத்து ரூபாய்க் காசாக அதே தொகை முக்கால் கிலோதான். எனவே சிறு காசைத் தனியாகவும் பெரிய காசைத் தனியாகவும் கொண்டுபோவது நல்லது.

போகும் நாளும் முக்கியம். மாதத்தின் முதல் வாரமும், ஓய்வூதியமும் உதவித்தொகையும் வரும் நாட்களும், திங்கட்கிழமையும் வேண்டாம். கணக்கு உள்ள கிளைக்கே போக வேண்டும். பல வங்கிகளில் மாதத்துக்கு இத்தனை தடவைதான் இலவச ரொக்க வரவு; அதற்கு மேல் கட்டணமும் வரியும் பிடிப்பார்கள். நூறு ரூபாயாகப் பத்து தடவை கட்டினால், எண்ணும் கூலியை வேறு பெயரில் நாமே கட்டியதாகும். சேர்த்து ஒரே தடவையாகக் கட்ட வேண்டும். அணா காலத்துப் பாடம் இங்கேயும் வந்து நிற்கிறது.

பத்து ரூபாய்க் காசின் கதை

கடையநல்லூர்ப் பக்கம் வீட்டில் முடங்கிக் கிடக்கும் காசில் பத்து ரூபாய்க்குத் தனி இடம் உண்டு. 2016 வாக்கில் அது செல்லாது என்று ஒரு புரளி கிளம்பியது. 2010-இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு வந்ததால், அதற்கு முந்திய காசில் குறியீடு இல்லை, பிந்தியதில் இருக்கிறது. சில காசில் கதிர்க் கோடு பத்து, சிலவற்றில் பதினைந்து. இந்த வேறுபாட்டை வைத்தே ஒன்று நல்லது, மற்றது போலி என்று பேச்சு பரவியது. 2018 ஜனவரியில் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள 14440 என்ற எண்ணும் கொடுத்தது. சென்னையிலும் கேரளத்திலும் தயங்காமல் வாங்கிய அதே காசைத் தென்மாவட்டக் கடைகள் பல ஆண்டுகள் தள்ளிவிட்டன.

இதில் வாங்க மறுக்கும் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரிடமிருந்து அடுத்தவர் வாங்கமாட்டார் என்ற அச்சம்தான் காரணம். சட்டம் அவருக்கும் தெரியும். எட்டு ரூபாய்க்கு அதை விற்றுத் தொலைக்க நினைப்பவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள். பத்து ரூபாய்க் காசுக்கு முழு மதிப்பும் கிடைக்கும் இடம் வங்கிக் கவுன்டர்; எடையும் குறைவு, எண்ணவும் சுலபம்.

வாங்குபவரைத் தேடிப் போவது

ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்க் காசுகளுக்கு வங்கியைவிட நல்ல இடம் கடைத்தெரு. வங்கிக்குக் காசு சுமை. பலசரக்குக் கடைக்கும் டீக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் அது தினசரித் தேவை. பிரித்துக் கட்டிய நூறு ரூபாய்ப் பையை நீட்டினால் நூறு ரூபாய் நோட்டு கைக்கு வந்துவிடும். காலையில் கடை திறக்கும் நேரம் உத்தமம். கல்லாப் பெட்டி காலியாக இருக்கும். ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரிலும் சரியான சில்லறையை நீட்டுபவருக்கு வரவேற்பு உண்டு. விருதுநகர்–தென்காசி பாதையில் பாசஞ்சர் வண்டிக்குச் சீட்டு எடுக்கும் கூட்டத்தில் இதைப் பார்க்கலாம்.

பழகிய கடை என்றால் கமிஷன் பேச்சே எழாது. பழகாத இடத்தில் நூற்றுக்கு ஐந்து கேட்டால், அந்த ஐந்து ரூபாய் எண்ணும் கூலிதான் என்று தெரிந்துகொண்டு, எண்ணிக் கட்டிய பையோடு அடுத்த கடைக்கு நடக்கலாம்.

கடையநல்லூருக்கே உரிய இன்னொரு சில்லறையும் இருக்கிறது: சிங்கப்பூர்க் காசு. நெசவுத் தொழில் நொடித்த காலங்களில் இவ்வூர் முஸ்லிம்கள் பலர் அங்கே குடியேறினார்கள். பெண்கள் மசாலா இடித்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. 1946-இல் அது தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. இன்றும் போக்குவரத்து ஓயவில்லை. ஊருக்கு வருபவர் சட்டைப்பையோடு டாலரும் சென்ட்டும் வந்து சேர்கின்றன. வெளிநாட்டு நாணயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் நோட்டை மாற்றித் தரும் முகவர்கள் காசைத் தொடமாட்டார்கள். சிங்கப்பூரிலேயே ஒரு கொடுக்கல் வாங்கலில் ஒவ்வொரு மதிப்பிலும் இருபது காசுக்கு மேல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வங்கிகள் நாணயம் எண்ணக் கட்டணமும் வாங்குகின்றன. ஆகவே விமானம் ஏறும் முன் செலவழித்துவிடுவது, தவறினால் அடுத்து அங்கே போகும் உறவினரிடம் முகமதிப்புக்கே கொடுத்து ரூபாயாக வாங்கிக்கொள்வது, இரண்டே வழி. ஊர்க்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். கமிஷன் இல்லாத செலாவணிச் சந்தை.

லட்சத்துக்கு விலைபோகும் காசு

பிரிக்கும்போது பழைய காசு கிடைத்தால் நிதானம் வேண்டும். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள், 786 எண் கொண்ட நோட்டுக்கு லட்சங்கள் என்று விளம்பரங்கள் வருகின்றன. விலையைக் காட்டி, பிறகு வரி, கமிஷன், பதிவுக் கட்டணம் என்று நம்மிடமே பணம் கறப்பார்கள். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த வியாபாரத்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

உண்மையில் தனியாக எடுத்து வைக்க வேண்டியது வெள்ளி. 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி. 1940 முதல் அது பாதியாகக் குறைந்தது; 1947-இன் ரூபாய் முழு நிக்கல். பாட்டியின் பெட்டியிலிருந்து வந்த கறுத்த ரூபாயைச் சில்லறையோடு கொட்டிவிடாமல் ஆண்டைப் பார்த்துவிட்டு, நகைக்கடையில் எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

யார் எண்ணுவது?

தனி ஆள் செய்யக்கூடியதெல்லாம் எண்ணும் வேலையைத் தானே ஏற்பதுதான். அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தால் நூற்றுக்கு நூறு கிடைக்கும். ஆனால் உண்டியல் காசை எண்ண நேரமில்லாத பெட்டிக்கடைக்காரருக்கும், கண் மங்கிய முதியவருக்கும், நாள் முழுக்கச் சில்லறையிலேயே விற்று வாங்கும் பூக்காரருக்கும் அந்த அரை மணி நேரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. சில்லறையில் வாழ்பவர்களே சில்லறையால் அதிகம் இழக்கிறார்கள்.

2023-இல் ரிசர்வ் வங்கி, யுபிஐ மூலம் பணம் கட்டினால் காசு உதிர்க்கும் எந்திரங்களை 12 நகரங்களில் சோதிப்பதாக அறிவித்தது. காசு தேவைப்படுபவருக்கு அது உதவும். நம் வட்டாரத்தின் சிக்கல் நேர் எதிரானது: காசை வாங்கி, எண்ணி, கணக்கில் வரவு வைக்கும் எந்திரம்தான் வேண்டும். தாலுகாவுக்கு ஒரு கிளையில் அப்படி ஒன்றை வைத்து, எண்ணும் செலவை விநியோக ஊக்கத்தொகையைப் போலவே ரிசர்வ் வங்கி ஏற்றால் போதும். வீடுகளில் உறங்கும் காசு மறுபடி கடைக்கு வரும், புதிதாக அடிக்கும் செலவும் அரசுக்கு அந்த அளவுக்குக் குறையும். ஒரு ரூபாயைச் செய்ய ஒரு ரூபாய்க்கு மேல் செலவான நாட்டில், ஏற்கெனவே அடித்த ரூபாயை எண்ணக் கூலி கொடுப்பது அரசுக்கு லாபக் கணக்கே.